கடிகார சிப்புக்கு ஊர் கிடையாது

டூயல் பூட் போட்ட லேப்டாப் வச்சிருக்கிற எல்லாருக்கும் இது தெரிஞ்ச கதை. மதியம் 3 மணிக்கு உபுண்டுவை ஷட்டவுன் பண்ணிட்டு விண்டோஸுக்குள்ள போனா, டாஸ்க்பார்ல காலை 9:30 காட்டும். கொஞ்ச நேரத்துல விண்டோஸ் நெட்டைப் பிடிச்சுத் தன்னைச் சரி பண்ணிக்கும். திரும்ப உபுண்டுவுக்கு வந்தா அங்க ராத்திரி 8:30. இந்தப் பக்கம் ஐந்தரை மணி நேரம் பின்னால, அந்தப் பக்கம் ஐந்தரை மணி நேரம் முன்னால.

உடனே க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல கேட்போம். ரெண்டு நிமிஷத்துல ஏதாவது ஒரு சீனியர் ஒரு வரி கமாண்ட் அனுப்புவார். டைம்டேட்சிடிஎல், பக்கத்துல செட்-லோக்கல்-ஆர்டிசி, அதுக்குப் பக்கத்துல 1. என்டர் தட்டினா ரெண்டு பக்கமும் ஒரே மணி. தேங்க்ஸ்ண்ணா, மேட்டர் ஓவர்.

அந்த கமாண்டை ஜூனியர்ஸுக்குச் சொல்லிக் கொடுக்கிறதை நாம நிறுத்தணும். அது வேலை செய்யாதுன்னு நான் சொல்லல, செய்யும். ஆனா சரியா இருக்கிற பக்கத்தை வளைச்சு, தப்பா இருக்கிற பக்கத்தோட ஒத்துப்போக வைக்குது. மாத்த வேண்டியது விண்டோஸோட செட்டிங்கை. ஏன்னு புரியணும்னா, ஒரு ஓஎஸ் அந்த ஹார்டுவேர் கடிகாரத்துக்குள்ள நேரத்தை எப்படி எழுதுதுன்னு ஒரு தடவை உள்ள போய்ப் பார்க்கணும். வாங்க.

ரெண்டு கடிகாரம் இருக்கு

நீங்க ஸ்க்ரீன்ல பார்க்கிற மணி ஓஎஸ் தானே எண்ணிக்கிட்டு இருக்கிற சிஸ்டம் கிளாக். ப்ராசஸர்ல இருக்கிற கவுன்டர்களை வச்சு கெர்னல் அதை ஓட்டுது. பவர் போனா அது காலி.

இன்னொன்னு ஆர்டிசி, அதாவது ரியல் டைம் கிளாக். லேப்டாப் ஆஃப்ல இருந்தாலும் பேட்டரி உயிர்ல ஓடிக்கிட்டே இருக்கும். டெஸ்க்டாப்பைத் திறந்தா மதர்போர்டுல காசு மாதிரி வட்டமா ஒரு பேட்டரி தெரியுமே, அது இதுக்காகத்தான். இதோட இதயத்துடிப்பு செகண்டுக்கு 32,768 தடவை அதிருற ஒரு க்ரிஸ்டல். அந்த எண் சும்மா வந்ததில்ல. அது 2-இன் 15ஆம் அடுக்கு. 15 தடவை ரெண்டால வகுத்தா சரியா செகண்டுக்கு ஒண்ணு. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பர்ல படிச்ச ரிப்பிள் கவுன்டர் ஞாபகம் இருக்கா? அதேதான்.

பூட் ஆகும்போது ஓஎஸ் ஆர்டிசியை ஒரு தடவை படிச்சுக்கும். அதுக்கப்புறம் தன் கணக்கை அதுவே பார்த்துக்கும். நெட்ல இருந்து சரியான நேரம் கிடைச்சா, அதை ஆர்டிசிக்குத் திருப்பி எழுதும். லினக்ஸ் கெர்னல் நெட் நேரத்தோட ஒத்திசைவுல இருந்தா சுமார் 11 நிமிஷத்துக்கு ஒரு தடவை இப்படி எழுதுது.

1981ல வந்த முதல் ஐபிஎம் பிசில இந்த பேட்டரி கடிகாரமே கிடையாது. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் டாஸ் தேதியையும் நேரத்தையும் கேட்கும், நாம டைப் பண்ணணும். 1984ல வந்த பிசி/ஏடி மாடல்லதான் மோட்டரோலாவோட எம்சி146818 சிப்பை வச்சாங்க. அதுல மொத்தமே 64 பைட் இடம். நேரத்துக்கும் அலாரத்துக்கும் 10, கன்ட்ரோலுக்கு 4, மீதி 50 பைட் செட்டப் விவரங்களுக்கு. இன்னைக்கு அது தனி சிப்பா இல்லாம சிப்செட்டுக்குள்ள போயிடுச்சு. ஆனா உங்க லேப்டாப்ல இருக்கிறதும் அந்த 1984 ஆர்டிசியோட அதே ரெஜிஸ்டர் வரிசையைத்தான் காட்டுது.

ஏழு எண், நாலு சிக்கல்

இந்தக் கடிகாரத்தோட பேச ரெண்டே ரெண்டு ஐஓ போர்ட். ஹெக்ஸ்ல 70, 71. எந்த ரெஜிஸ்டர் வேணும்னு 70ல சொல்லணும், 71 வழியா அதைப் படிக்கலாம் இல்லன்னா எழுதலாம். ரெஜிஸ்டர் 0ல செகண்ட், 2ல நிமிஷம், 4ல மணி, 6ல கிழமை, 7ல தேதி, 8ல மாசம், 9ல வருஷம். நடுவுல விட்டுப்போன 1, 3, 5 அலாரத்துக்கு.

பார்த்தா ஏழு வரி கோட் மாதிரி இருக்கு. ஏழு எண்ணை வரிசையா எழுதினா முடிஞ்சது இல்லையா? இல்ல. இங்கதான் சுவாரஸ்யம்.

முதல் சிக்கல், நீங்க எழுதும்போது கடிகாரம் நிக்காது. கடிகாரத்துல 9:59:59 இருக்கு, நீங்க அதை 10:00:00 ஆக்கணும்னு வச்சுக்கோங்க. முதல்ல மணில 10 எழுதுறீங்க. இப்போ உள்ள 10:59:59. அந்த நொடியில செகண்ட் நகருது. 11:00:00 ஆயிடுச்சு. அடுத்து நீங்க நிமிஷத்துல 0, செகண்ட்ல 0 எழுதுறீங்க. முடிவு 11:00:00. கோட்ல ஒரு வரி கூடத் தப்பில்ல, ஆனா ஒரு மணி நேரம் தப்பு. ஓஎஸ் பேப்பர்ல ரேஸ் கண்டிஷன்னா என்னன்னு 2 மார்க் எழுதினோமே, அது இதான். லாக் எங்க இருக்கு? 11ஆம் ரெஜிஸ்டரான ஸ்டேட்டஸ் பி-யோட மேல் பிட்டுல. அதுக்குப் பேரே செட். அதை 1 ஆக்கினா அப்டேட் நிக்கும். எல்லாத்தையும் எழுதிட்டுத் திரும்ப 0 ஆக்கணும். படிக்கும்போதும் இதே கவனம் வேணும். ஸ்டேட்டஸ் ஏ-ல "அப்டேட் நடக்குது"ன்னு சொல்ல ஒரு பிட் இருக்கு, அது அணைஞ்சிருக்கும்போதுதான் படிக்கணும்.

ரெண்டாவது சிக்கல், எண்ணை எந்த வடிவத்துல எழுதுறது? 45 நிமிஷம்னா பைனரி 45ஐ எழுதக்கூடாது. பெரும்பாலான மெஷின்கள்ல பிசிடி முறைதான். 4க்கு ஒரு அரை பைட், 5க்கு ஒரு அரை பைட். சேர்த்துப் படிச்சா அது ஹெக்ஸ் 45, நம்ம கணக்குல 69. பிசிடியா பைனரியான்னு ஸ்டேட்டஸ் பி-ல ஒரு பிட் சொல்லும். 12 மணி முறையா 24 மணி முறையான்னு பக்கத்து பிட் சொல்லும். 12 மணி முறைன்னா மணி ரெஜிஸ்டரோட மேல் பிட்தான் பிஎம். "எனக்கு பைனரிதான் வசதி"ன்னு அந்த பிட்டை மாத்திடவும் கூடாது. அதே கடிகாரத்தை பயாஸும் படிக்குது.

மூணாவது சிக்கல், வருஷத்துக்கு ரெண்டே இலக்கம். 26னா 1926ஆ 2026ஆ? வழக்கமா ஹெக்ஸ் 32 எண்ணுல நூற்றாண்டுக்கு ஒரு இடம் வச்சிருப்பாங்க. அது எந்த இடம்னு ஏசிபிஐ டேபிளைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். ஒய்2கே பத்தி நம்ம பிறக்கிறதுக்கு முன்னாடி உலகமே ஏன் அவ்ளோ பயந்துச்சுன்னு இந்த ஒரு பைட்டைப் பார்த்தாலே புரியும்.

நாலாவது சிக்கல் ரொம்ப நுணுக்கமானது. எழுதும்போது லினக்ஸ் அந்த 15 படி டிவைடரையும் ரீசெட் பண்ணுது. ரீசெட்டை விட்டதும் அடுத்த செகண்ட் முழுசா ஒரு செகண்ட் கழிச்சு வராது, அரை செகண்ட்லயே வந்துடும். அதனால செகண்ட் பாதி கடந்திருக்கிற நேரமா பார்த்துத்தான் லினக்ஸ் எழுதுது. எப்போ எழுதுறோம்னு கூட கவனிச்சாதான் சரியான நேரம் உள்ள போகும்.

இப்போ கொஞ்சம் பின்னால நின்னு பாருங்க. பிசிடியா பைனரியா? சொல்ல பிட் இருக்கு. 12ஆ 24ஆ? பிட் இருக்கு. எந்த நூற்றாண்டு? ஏசிபிஐ சொல்லுது. சரி, உள்ள எழுதின 15:00 சென்னை 15:00ஆ, லண்டன் 15:00ஆ? சொல்ல ஒரு பிட் கூட இல்ல. முழு கோடையும் எழுதி முடிச்சாலும் அந்தக் கேள்வியை சிப் உங்களைக் கேட்கவே இல்ல.

டூயல் பூட் குழப்பம் மொத்தமும் இவ்வளவுதான். லினக்ஸ் யுடிசி நேரத்தை எழுதுது, விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதுது. எண் ஒண்ணுதான், ஆளுக்கு ஒரு அர்த்தம் வச்சிருக்காங்க. எங்கயும் எழுதி வைக்க முடியாத அர்த்தத்தை எல்லாரும் ஒரே மாதிரி வச்சுக்கிட்டாதான் வேலை நடக்கும். அப்போ எந்த அர்த்தம்? எந்த அரசாங்கமும் எந்த ஊரும் மாத்த முடியாத ஒண்ணு. அது யுடிசி.

ஹார்டுவேர்ல சட்டத்தை எழுதினாங்க

"உள்ளூர் நேரத்தை ஹார்டுவேரே பார்த்துக்கிட்டா என்ன?"ன்னு கேட்கலாம். அதையும் செஞ்சு பார்த்திருக்காங்க.

எம்சி146818ல ஸ்டேட்டஸ் பி-யோட கடைசி பிட் டேலைட் சேவிங். அதை 1 ஆக்கினா, அமெரிக்க கோடைக்கால நேரத்துக்கு சிப்பே தன்னை மாத்திக்கும். ஏப்ரல் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னால, அக்டோபர் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் பின்னால. இந்த விதி சிலிக்கான்லயே பதிஞ்சிருக்கு.

பிசி/ஏடி வந்தது 1984. அமெரிக்கா 1986ல சட்டத்தைத் திருத்தி, 1987ல இருந்து ஆரம்ப நாளை ஏப்ரல் முதல் ஞாயிறுக்கு மாத்திடுச்சு. மூணே வருஷத்துல அந்த பிட் தப்பான பிட். 2007ல மறுபடியும் மாத்தி, மார்ச் ரெண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரைன்னு ஆக்கினாங்க. சாஃப்ட்வேர்ல டைம்சோன் டேபிளை அப்டேட் பண்ணா போதும். ஏற்கனவே மதர்போர்டுல உட்கார்ந்திருக்கிற சிப்பை என்ன பண்ண முடியும்?

உள்ளூர் நேரம் இயற்கை விஷயம் இல்ல, அது ஒரு அரசு எடுக்கிற முடிவு. முடிவு மாறும். அதனால அது இருக்க வேண்டிய இடம் மாத்தக்கூடிய சாஃப்ட்வேர்தான், ஹார்டுவேர் இல்ல. நாம தினமும் யூஸ் பண்ற கிட் இதை அழகா செய்யுது. ஒவ்வொரு கமிட்லயும் நேரத்தை உலகப் பொது எண்ணா வச்சுட்டு, பக்கத்துல தனியா +0530னு எழுதி வைக்குது. எண் ஒரு இடம், ஊர் ஒரு இடம். ஆர்டிசில அந்த ரெண்டாவது இடம் இல்ல, அதனால முதல் விஷயத்தை மட்டும் வைப்போம்.

புது ஸ்டாண்டர்டான யுஇஎஃப்ஐல நேரத்தோட சேர்த்து டைம்சோனுக்கும் ஒரு ஃபீல்ட் குடுத்திருக்காங்களேன்னு விவரம் தெரிஞ்சவங்க கேட்பீங்க. உண்மைதான். ஆனா அதே ஃபீல்ட்ல 2047னு போட்டா "டைம்சோன் குறிப்பிடல"ன்னு அர்த்தம்னும் அதே ஸ்டாண்டர்ட் சொல்லுது. அப்படி ஒரு கதவு திறந்திருக்கிற வரைக்கும் ஓஎஸ் அந்த ஃபீல்டை நம்பி உட்கார முடியாது.

எதிர்த்தரப்பு சொல்றதையும் கேட்போம்

விண்டோஸ் ஏன் இப்படின்னா, காரணம் முட்டாள்தனம் இல்ல. டாஸ் காலத்துல டைம்சோன்ங்கிற பேச்சே இல்ல. பயாஸ் ஸ்க்ரீன்ல சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் செட் பண்ணாங்க, ப்ரோக்ராம்களும் அதையே எதிர்பார்த்தன. அந்த வழக்கம் உடையக்கூடாதுன்னு தொடர்ந்தாங்க. பயாஸுக்குள்ள போறவர் ஐந்தரை மணி நேரம் வித்தியாசமா ஒரு நேரத்தைப் பார்த்தா குழம்புவார்ங்கிறதும் நியாயமான கவலை. ஆனா அந்த ஸ்க்ரீனை நாம எத்தனை தடவை திறக்கிறோம்? வேடிக்கை என்னன்னா, இன்னைய விண்டோஸ் உள்ளுக்குள்ள யுடிசிலதான் ஓடுது. என்டிஎஃப்எஸ்ல ஃபைல் நேரமெல்லாம் யுடிசிதான். ஆர்டிசிக்கு எழுதும்போது மட்டும் பழைய பழக்கம்.

அடுத்த வாதம் நம்ம ஊர் வாதம். "இந்தியால டேலைட் சேவிங் கிடையாது. +5:30 மாறவே மாறாது. லோக்கல்ல வச்சா என்ன குறைஞ்சிடும்?" பாதி சரி. ஆனா மாறவே மாறாதுன்னு யாரும் உறுதி குடுக்க முடியாது. பக்கத்துல இலங்கை 1996ல ரெண்டு தடவை தன் நேரத்தை மாத்துச்சு, முதல்ல +6:30, அப்புறம் +6. திரும்ப 5:30க்கு வந்தது 2006ல. அதைவிட முக்கியம், நாடு மாறாட்டியும் நாம நாடு மாறுவோம். எங்க பேட்ச்ல எம்எஸ்-க்கு அப்ளை பண்ணிட்டு உட்கார்ந்திருக்கிறவங்க எத்தனை பேர்! இந்த லேப்டாப்தான் ஜெர்மனிக்கும் போகப்போகுது. அங்க அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 3 மணி திரும்ப 2 மணி ஆகும். அன்னைக்கு 2:30 ரெண்டு தடவை வரும். ஆர்டிசில 2:30னு இருந்தா எந்த 2:30? சிப்பால சொல்ல முடியாது. ரெண்டு ஓஎஸும் லோக்கல்ல இருந்தா, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளுற வேலையை மத்தவர் செஞ்சாச்சா இல்லையான்னு ரெண்டு பேருக்கும் தெரியாது.

மூணாவது வாதம், "அதான் நெட் வந்தா தானா சரியாயிடுதே." சரியாகும், ஆனா சரியாகிற அந்தக் குதிதான் பிரச்சனை. முதல் பத்தில சொன்ன அதே நிலையை எடுத்துக்கோங்க. ஹாஸ்டல் வைஃபைல லாகின் பண்றதுக்கு முன்னாடியே ப்ராஜெக்ட்டை மேக் போட்டு கம்பைல் பண்றீங்க. சிஸ்டம் கிளாக் ராத்திரி 8:30ங்குது, ஆப்ஜெக்ட் ஃபைல்கள்ல அந்த நேரம் பதியுது. வைஃபை வந்ததும் கடிகாரம் மதியம் 3க்குத் திரும்புது. இப்போ ஒரு பக்-ஐக் கண்டுபிடிச்சு சோர்ஸ் ஃபைலை மாத்தறீங்க, அதுல 3:10னு பதியுது. மேக் ரெண்டையும் ஒப்பிடுது. ஆப்ஜெக்ட் ஃபைல்தானே புதுசு! கம்பைல் பண்ணத் தேவையில்லன்னு விட்டுடும். அடுத்த ஐந்தரை மணி நேரம் நீங்க என்ன திருத்தினாலும் பழைய பக்கே ஓடும். கடிகாரம் இடறுதுன்னு மேக் ஒரு எச்சரிக்கை போடத்தான் செய்யும். ரிவ்யூவுக்கு முந்தின நாள் எச்சரிக்கையை யார் படிக்கிறா?

"அதுக்குத்தானே லோக்கல் கமாண்ட் போடச் சொல்றோம்"னு நீங்க சொல்லலாம். அந்த கமாண்ட் போட்டதுக்கப்புறம் டைம்டேட்சிடிஎல்னு மட்டும் அடிச்சுப் பாருங்க. இந்த முறையை முழுசா சப்போர்ட் பண்ண முடியாது, ஆர்டிசி இனி அப்டேட் ஆகாது, வேற யாராவதுதான் அதைப் பார்த்துக்கணும், முடிஞ்சா யுடிசிக்கு மாத்துங்கன்னு அதுவே எச்சரிக்கும். அதாவது கடிகாரத்தைச் சரியா வச்சிருக்கிற பொறுப்பை லினக்ஸ் கைகழுவிடுது. அதோட, பூட் ஆரம்பத்துல கெர்னலுக்கு டைம்சோன் தெரியாது. ஆர்டிசில இருக்கிறதை யுடிசின்னு நினைச்சுத்தான் எடுக்கும். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சிஸ்டம்டி திருத்தும். அது வரைக்கும் லாக்ல வர்ற வரிகள் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்துல இருக்கும்.

என்ன செய்யலாம்

விண்டோஸ்ல ரெஜிஸ்ட்ரி எடிட்டரை அட்மினா திறங்க. லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், டைம்சோன் இன்ஃபர்மேஷன்னு உள்ள போங்க. ரியல், டைம், இஸ், யுனிவர்சல் நாலு சொல்லையும் இடைவெளி இல்லாம சேர்த்து ஒரு டிவேர்ட் உருவாக்கி 1 போடுங்க. ரீஸ்டார்ட். உபுண்டுல ஏற்கனவே லோக்கல் கமாண்ட் போட்டிருந்தா, அதே கமாண்டைக் கடைசில 0 போட்டு அடிங்க. ரெண்டு பக்கமும் நேரத்தை நெட்டோட ஒரு தடவை ஒத்திசைய விடுங்க. அவ்வளவுதான். அடுத்த தடவை குரூப்ல யாராவது கேட்டா இதை ஃபார்வர்ட் பண்ணுங்க.

இன்னொரு கோரிக்கை இருக்கு, இது லேப் எடுக்கிற மேம், சார் எல்லாருக்கும் சேர்த்து. ஓஎஸ் லேப்னு நாம ரவுண்ட் ராபினையும் பேங்கர்ஸ் அல்காரிதத்தையும் சி-ல சிமுலேட் பண்றோம். கடைசி வரைக்கும் எந்த ஹார்டுவேரையும் தொடறதில்ல. எம்ஐடியோட எக்ஸ்வி6ல, பழைய எக்ஸ்86 வெர்ஷன்ல, சிமாஸ்டைம்னு ஒரு சின்ன ஃபங்ஷன் இருக்கு. அப்டேட் பிட்டைப் பார்க்குது, ரெண்டு தடவை படிச்சு ஒத்துப்போகுதான்னு பார்க்குது, பிசிடியை மாத்துது, வருஷத்தோட கண்ணை மூடிக்கிட்டு 2000ஐக் கூட்டுது. ஆனா அது படிக்க மட்டும்தான். எழுதுற ஃபங்ஷன் அதுல இல்ல. அதை நாம எழுதலாமே? செட் பிட், பிசிடி, சிஸ்டம் கால், யாருக்கு அனுமதிங்கிற கேள்வி, எல்லாமே ஒரே எக்ஸ்பெரிமென்ட்ல வந்துடும். க்யூஎமு எமுலேட்டர்ல ஓட்டினா உங்க நிஜ லேப்டாப் கடிகாரத்துக்கு எந்த ஆபத்தும் இல்ல. அது விர்ச்சுவல் மெஷினோட நேரத்தை மட்டும்தான் மாத்தும்.

க்யூஎமுவை ஸ்டார்ட் பண்ணும்போது ஆர்டிசி ஆப்ஷன்ல பேஸ் யுடிசியா லோக்கல்டைமான்னு நீங்க குடுக்கலாம். ஒண்ணும் குடுக்கலன்னா யுடிசின்னு எடுத்துக்கும். ரெண்டையும் போட்டு, நீங்க எழுதின ஃபங்ஷன் எழுதின நேரத்தைத் திரும்பப் படிச்சுப் பாருங்க. ரெண்டு தடவையும் கோட் ஒரே மாதிரிதான் ஓடும், ஒரு எரர் கூட வராது. எது எந்த ஊர் மணின்னு சிப் சொல்லாது. அதை நீங்கதான் முன்னாடியே முடிவு பண்ணியிருக்கணும்.